கரையேறிய கணக்கு

இருபத்தோராவது பிறந்தநாள். போன் மணி அடிக்கிறது. எடுத்தால், மறுமுனையில் ஓர் அறியாத பெண் குரல். வாழ்த்தெல்லாம் இல்லை. 'நீங்கள் அனுப்பிய அளவு சரிதானா? தயவுசெய்து இன்னொரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.' அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டுவிட்டது.

உங்களுக்கு எப்படி இருக்கும்?

மவ்ரீன் ஃபிளாவினுக்குக் குழப்பமாக இருந்தது. அயர்லாந்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடல் வந்து முட்டுகிற பிளாக்ஸாட் என்கிற குக்கிராமம். அங்கே தபால் அலுவலகத்தில் உதவியாளர் வேலை. தபால் தலை விற்பதோடு இன்னொரு வேலையும் உண்டு. மணிக்கொரு தரம் காற்றழுத்தமானியைப் பார்த்து, எண்ணைக் குறித்து, டப்ளினுக்குச் சொல்லவேண்டும். 1944 ஜூன் 3-ம் தேதி அந்தக் கருவியின் அளவு சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளதைச் சொன்னார். திரும்பக் கேட்டார்கள். திரும்பப் பார்த்தார். அதே எண்தான்.

யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவர பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அயர்லாந்து அந்தப் போரில் நடுநிலை நாடு. ஆனால் வானிலைத் தகவலை மட்டும் சத்தமில்லாமல் பிரிட்டனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவின் வானிலை மேற்கிலிருந்து கிழக்கே நகர்வது. எனவே, லண்டனில் நாளை என்ன மழை என்பது பிளாக்ஸாட்டுக்கு இன்றே தெரிந்துவிடும்.

மவ்ரீன் சொன்ன அந்த ஓர் எண்ணுக்காக இங்கிலாந்தின் தென்கரையில் ஒன்றரை லட்சம் பேர் கப்பலில் ஏறத் தயாராகக் காத்திருந்தார்கள். பலர் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தார்கள்.

நார்மண்டி தரையிறக்கம். டி-டே என்று சினிமாவில் பார்த்திருப்பீர்கள். படகின் முன்கதவு திறக்கும். வீரர்கள் இறங்குவார்கள். குண்டு பாயும். கடல் சிவக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும், 'இதற்கு யார் பணம் கட்டினார்கள், எந்தக் கணக்கில் பற்று எழுதினார்கள்' என்று பார்க்கிற புத்தி போகமாட்டேன் என்கிறது. ஜூன் 6-ன் வரவுப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இந்த வாரம் பற்றுப் பக்கத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் பின்னணி.

1940 ஜூனில் பிரான்ஸ், ஜெர்மனியிடம் விழுந்தது. அடுத்த நான்கு வருடம் ஆக்கிரமிப்பு. ரேஷன், ஊரடங்கு, யூதர்களை ரயிலில் ஏற்றி அனுப்புதல், எதிர்த்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுடுதல். நார்வேயிலிருந்து ஸ்பெயின் எல்லை வரைக்கும் கடற்கரை நெடுகிலும் ஜெர்மானியர்கள் கான்கிரீட்டைக் கொட்டி அரண் கட்டினார்கள். அட்லாண்டிக் சுவர் என்று பெயர். உண்மையில் அது தொடர்ச்சியான சுவர் இல்லை. முக்கியமான துறைமுகங்களில் பிரமாதமாகவும் மற்ற இடங்களில் சுமாராகவும் இருந்தது. ரோமல் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் வேலை சூடுபிடித்தது. கரையெங்கும் கண்ணிவெடி, தண்ணீருக்குள் இரும்புத் தடைகள், வயல்களில் கிளைடர் விமானம் இறங்கமுடியாதபடி நட்டுவைத்த மரக்கம்பங்கள்.

இந்தச் சுவரில் நம்மவர்களும் நின்றார்கள் என்பது உபரித் தகவல். நேதாஜி ஜெர்மனியில் உருவாக்கிய இந்திய லீஜியன், அந்தச் சமயம் பிரான்ஸின் தென்மேற்கே, போர்தோ அருகே லகனாவ் கடற்கரையில்தான் காவல் இருந்தது. நார்மண்டியிலிருந்து வெகுதூரம். அதனால் டி-டே அன்று அவர்களுக்கு வேலை வரவில்லை.

சரி, கரையில் இறங்குவது என்ன பெரிய வித்தையா?

வித்தைதான். 1942 ஆகஸ்ட் 19 அன்று டியெப் என்கிற துறைமுக ஊரில் ஒரு ஒத்திகை பார்த்தார்கள். சுமார் 6,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் கனடாக்காரர்கள். விடியற்காலை இறங்கினார்கள். கொண்டுபோன டாங்குகள் கரையில் கிடந்த கூழாங்கற்களில் சக்கரப் பட்டை சிக்கித் திணறின. மேலே பாறை முகட்டிலிருந்து ஜெர்மன் மெஷின் கன்கள். மதியத்துக்குள் கதை முடிந்துவிட்டது. கனடா வீரர்கள் மட்டும் 900 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 1,950 பேர் கைதி.

நேச நாடுகள் அந்த ரத்தத்தில் இரண்டு பாடம் படித்தன.

பாடம் ஒன்று: இறங்கப்போகிற மண் எப்படிப்பட்டது என்று முதலில் பார். 1943-ன் கடைசி இரவு. உலகம் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருந்தபோது, ஸ்காட் பௌடன், ஆக்டன் ஸ்மித் என்று இரண்டு பிரிட்டிஷ் வீரர்கள் நார்மண்டிக் கரைக்கு நீந்தியே போனார்கள். காவல்காரர்கள் மூக்குக்குக் கீழேயே மணலைத் துளையிட்டு எடுத்துக் குழாய்களில் அடைத்துக்கொண்டு திரும்பினார்கள். இந்த மணல் டாங்கு பாரத்தைத் தாங்குமா, தாங்காதா? அதைச் சோதித்துப் பார்க்கத்தான் இரண்டு உயிரைப் பணயம் வைத்தார்கள். இன்னொரு பக்கம் பி.பி.சி., மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது. போருக்கு முன்னால் ஐரோப்பியக் கடற்கரைகளுக்கு உல்லாசப் பயணம் போனீர்களே, அந்த போட்டோக்களையும் போஸ்ட் கார்டுகளையும் அனுப்புங்கள். மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. யாரோ ஒருவர் மனைவியை நிற்கவைத்து எடுத்த படத்தில், பின்னால் தெரிந்த மேட்டின் உயரம் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது.

பாடம் இரண்டு: துறைமுகத்தை நேரடியாகத் தாக்கிப் பிடிக்கமுடியாது. ஆனால் துறைமுகம் இல்லாமல் லட்சக்கணக்கான பேருக்குச் சோறும் தோட்டாவும் இறக்கவும் முடியாது. என்ன செய்வது? கூடவே கொண்டுபோய்விடுவது!

ஜோக் இல்லை. மல்பெரி என்று ரகசியப் பெயரிட்டு இரண்டு துறைமுகங்களை இங்கிலாந்தில் துண்டு துண்டாகச் செய்தார்கள். அலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவைப் பாலங்கள், ஒவ்வொன்றும் 6,000 டன் வரை எடையுள்ள கான்கிரீட் பெட்டிகள். எல்லாவற்றையும் கால்வாய் தாண்டி இழுத்துப்போய் எதிர்க்கரையில் மூழ்கடித்து நிறுத்துவது திட்டம். ஒரு பக்கம் பார்த்தால் கிறுக்குத்தனம். ஆனால் டியெப்புக்குப் பிறகு வேறு வழி தோன்றவில்லை.

இவ்வளவுக்கும் மேலே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. படகு.

சாதாரணப் படகு அல்ல. தரைதட்டும் வரை போய் முன்கதவைத் திறந்து ஆளை இறக்கிவிட்டுப் பின்னாலேயே திரும்பி வருகிற படகு. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் என்பவர் சதுப்பு நிலங்களில் ஓட்டுவதற்காகச் செய்த படகு வடிவம்தான் இதற்கு மூலம். ஒரு படகில் 36 பேர். டாங்குகளை ஏற்றிப்போக இன்னும் பெரிய கப்பல்கள். மொத்த உலகப்போரிலும் தளபதிகள் அதிகமாக அடித்துக்கொண்டது துப்பாக்கிக்கோ விமானத்துக்கோ அல்ல, இந்தத் தரையிறங்கு கலங்களுக்குத்தான். இருப்பு குறைவு. கேட்பவர் அதிகம். பசிபிக்கில் ஜப்பானை எதிர்க்க வேண்டும். இத்தாலியில் வேண்டும். பிரான்ஸுக்கு வேண்டும்.

இங்கேதான் நமக்குப் பக்கத்து ஊர் ஒன்று கதைக்குள் வருகிறது. அந்தமான்.

1942 மார்ச் முதல் அந்தமான் ஜப்பான் பிடியில். 1943 நவம்பரில் கெய்ரோவில் கூடியபோது, ரூஸ்வெல்ட் சீனத் தலைவர் சியாங் கை ஷேக்குக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். வரும் வசந்தத்தில் அந்தமானில் படையிறக்குவோம். ஆபரேஷன் பக்கனீர் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. அதன்பின் டெஹ்ரானுக்குப் போனார்கள். அங்கே ஸ்டாலின். பிரான்ஸில் எப்போது இறங்குகிறீர்கள், தேதி சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டார். திரும்பக் கெய்ரோவுக்கு வந்து கூட்டிக் கழித்துப் பார்த்தால் படகு போதவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமான் திட்டம் ரத்து. இந்தியப் பெருங்கடலில் இருந்த தரையிறங்கு கலங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத் திரும்பியது.

பேனாவால் ஒரு கோடு. அதன் விலை என்ன?

1944 ஜனவரி 30 அன்று போர்ட் பிளேர் அருகே ஹோம்ஃபிரேகஞ்சில், உளவாளிகள் என்று குற்றம்சாட்டி 44 இந்தியர்களை ஜப்பானியர்கள் சுட்டுக்கொன்றார்கள். நேதாஜி அங்கே வந்து கொடியேற்றிவிட்டுப் போன ஒரே மாதத்தில். இதை அந்த ரத்தின் கணக்கில் எழுதக்கூடாது. திட்டமிட்டபடி படை வந்திருந்தாலும் அதற்குப் பிறகுதான் வந்திருக்கும். ஆனால் 1945? தீவில் பஞ்சம் முற்றியது. ஆகஸ்டில், பிரயோஜனமில்லாத வாய்கள் என்று கருதப்பட்ட நூற்றுக்கணக்கான பேரைப் படகுகளில் ஏற்றி ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளினார்கள். பிழைத்தவர்கள் மிகச் சிலர். பிரிட்டிஷ் படை வந்து சேர்ந்தது 1945 அக்டோபரில். பிரான்ஸ் விடுதலையாகி ஒரு வருடத்துக்கும் மேலாகியிருந்தது.

ரூஸ்வெல்ட்டின் முடிவு தவறு என்று சொல்லவரவில்லை. ஹிட்லரை முதலில் முடிக்கவேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு கடற்கரை மீட்கப்படும்போது இன்னொரு கடற்கரை காத்திருக்க வைக்கப்பட்டது. காத்திருந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஒத்திகைக்கு வருவோம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஸ்லாப்டன் கடற்கரை, பார்ப்பதற்கு அச்சு அசல் நார்மண்டிக் கரை மாதிரி. சுற்றுவட்டாரத்தில் சுமார் 3,000 பேரை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டு அங்கே பயிற்சி நடத்தினார்கள். 1944 ஏப்ரல் 28, நள்ளிரவு தாண்டிய நேரம். ஒத்திகைக்கு வந்துகொண்டிருந்த கப்பல் வரிசைக்குள் ஜெர்மன் டார்ப்பிடோ படகுகள் புகுந்துவிட்டன. இரண்டு கப்பல்கள் மூழ்கின. சுமார் 750 அமெரிக்கர்கள் பலி. உயிர்காக்கும் மிதவையைத் தவறாகக் கட்டியிருந்ததாலேயே பலர் தலைகீழாகக் கவிழ்ந்து செத்தார்கள். விஷயம் அப்படியே அமுக்கப்பட்டது. பிழைத்தவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. இதே ஒத்திகைக்கு அசலான யூட்டா கடற்கரையில், ஜூன் 6 அன்று இதைவிடப் பல மடங்கு குறைவான பேரே இறந்தார்கள் என்பதை என்னவென்று சொல்வது!

ஆச்சா? இப்போது வானிலை.

இறங்க எப்படிப்பட்ட நாள் வேண்டும்? பாராசூட் வீரர்களுக்கு நிலா வெளிச்சம் வேண்டும். படகுகளுக்கு விடியும் நேரத்தில் நீர்வற்றம் வேண்டும். அப்போதுதான் ரோமலின் இரும்புத் தடைகள் வெளியே தெரியும். இரண்டும் சேர்ந்து வருவது மாதத்தில் ஓரிரு நாட்கள். ஜூனில் 5, 6, 7. தவறினால் அலை தோதாக வருவது ஜூன் 19 வாக்கில். அப்போது நிலா கிடையாது.

5-ம் தேதி என்று தீர்மானம். தலைமைத் தளபதி ஐசன்ஹோவர், போர்ட்ஸ்மத் அருகே சவுத்விக் மாளிகையில். அவருடைய வானிலை ஆலோசகர் ஜேம்ஸ் ஸ்டாக், ஸ்காட்லாந்துக்காரர். அவருக்குக் கீழே மூன்று வானிலைக் குழுக்கள். மூன்றும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை. அமெரிக்கக் குழு 'போகலாம்' என்றது. பிரிட்டிஷ் குழு 'புயல், வேண்டாம்' என்றது. பிளாக்ஸாட்டின் எண் பிரிட்டிஷ் குழுவின் பக்கம் நின்றது. ஐசன்ஹோவர் ஒரு நாள் தள்ளிவைத்தார். 5-ம் தேதி கால்வாயில் காற்று சுழன்று அடித்தது. போயிருந்தால் படகுகள் பாதி வழியிலேயே கவிழ்ந்திருக்கும்.

4-ம் தேதி பிளாக்ஸாட்டிலிருந்து வேறு செய்தி. மழை விட்டுவிட்டது, வானம் தெளிகிறது. இரண்டு புயலுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி வரப்போகிறது என்று அன்றிரவு ஸ்டாக் சொன்னார். 5-ம் தேதி விடியற்காலை நாலேகால் மணிக்குக் கடைசிக் கூட்டம். போகலாம் என்றார் ஐசன்ஹோவர். அதோடு அவர் வேலை முடிந்தது. அதற்குமேல் யாராலும் திரும்பக் கூப்பிட முடியாது.

அன்று அந்த மனிதர் செய்த ஒரு காரியம்தான் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, தோற்றுப்போனால் வெளியிடவேண்டிய அறிக்கையை எழுதினார். முதலில், படைகள் திரும்பப் பெறப்பட்டன என்கிற தொனியில் எழுதினார். பிறகு அதை அடித்துவிட்டு, நான்தான் திரும்பப் பெற்றேன் என்று மாற்றினார். வீரர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், தவறு இருந்தால் அது என் ஒருவனுடையது என்று முடித்தார். பதற்றத்தில் ஜூன் என்பதற்குப் பதில் ஜூலை 5 என்று தேதி போட்டுவிட்டார். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அதை வெளியே எடுக்க வேண்டியிருக்கவில்லை.

'பெறப்பட்டன' என்று எழுதுவது எவ்வளவு சௌகரியம் தெரியுமா? நம் ஊர் அரசாங்கக் கடிதங்களைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். அதில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாகவே 'செய்யப்படும்'.

எதிர்ப்பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது?

இந்த வானிலையில் எவன் வரப்போகிறான் என்று ரோமல் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஜூன் 6, மனைவியின் பிறந்தநாள். ஹிட்லர் பின்னிரவு வரை விழித்திருந்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப யாருக்கும் துணிச்சல் இல்லை. பின்னால் நிறுத்தி வைத்திருந்த டாங்குப் படைகளை நகர்த்த அவர் அனுமதி வேண்டும். அது கிடைத்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. போதாததற்கு, நிஜமான தாக்குதல் கலே பகுதியில்தான் என்று ஜெர்மன் தலைமை உறுதியாக நம்பியது. நம்பவைத்தவர்களில் ஒருவர் கார்போ என்கிற ரகசியப் பெயர் கொண்ட ஸ்பெயின்காரர், ஹுவான் புஜோல். ஜெர்மனியின் உளவாளியாக நடித்த பிரிட்டிஷ் உளவாளி. தனக்குக் கீழே 27 உளவாளிகள் இருப்பதாகக் கணக்குக் காட்டினார். அத்தனை பேரும் கற்பனை! அவர்களுக்குச் செலவுப் பணம் மட்டும் ஜெர்மனியிடமிருந்து நிஜமாக வந்தது. போர் முடிவதற்குள் ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரிட்டனும் ஒரு பதக்கம் கொடுத்தது.

ஜூன் 6, செவ்வாய்க்கிழமை. ஏறக்குறைய 7,000 கலங்கள். 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள். சுமார் 1,56,000 பேர். ஐந்து கடற்கரைகள்: யூட்டா, ஒமாஹா, கோல்ட், ஜூனோ, ஸ்வோர்ட். நான்கில் சமாளித்துவிட்டார்கள். ஒமாஹாவில் எல்லாமே கெட்டது.

குண்டு வீசவந்த விமானங்களுக்கு மேகம் மறைத்தது. கீழே வரும் நம் படகுகள் மேல் விழுந்துவிடப் போகிறதே என்று சில விநாடிகள் தாமதித்துப் போட்டார்கள். குண்டுகள் கரையைத் தாண்டி உள்ளே மாட்டுத் தொழுவங்களிலும் வயல்களிலும் விழுந்தன. கரை அரண்கள் அப்படியே இருந்தன. கேன்வாஸ் பாவாடை கட்டிய மிதக்கும் டாங்குகள் வேறு. ஒரு பிரிவு 29 டாங்குகளைக் கரையிலிருந்து வெகு தொலைவிலேயே கடலில் இறக்கியது. 27 மூழ்கிவிட்டன. உள்ளே இருந்த ஆட்களில் சிலரும் அவற்றோடு போனார்கள்.

ஆறரை மணிக்கு முதல் படகுகள் கதவைத் திறந்தபோது, எதிரே மேட்டில் மெஷின் கன்கள் தயாராக இருந்தன. ஒளிய இடமில்லை. கடல் பின்னாலிருந்து ஏறிக்கொண்டே வந்தது. அடிபட்டுக் கிடந்தவர்கள் நகரமுடியாமல் அலையில் மூழ்கினார்கள். முதல் அலையில் இறங்கிய ஒரு கம்பெனியில், அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்து பெட்ஃபோர்ட் என்கிற சிற்றூர்ப் பையன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஊர் ஜனத்தொகை சுமார் 3,200. அன்று ஒரே நாளில் அந்த ஊர் சுமார் 20 பேரை இழந்தது. ஊருக்குத் தெரிந்தது ஜூலை 17-ம் தேதி. மருந்துக் கடையில் இருந்த தந்தி இயந்திரம் அன்று காலை அடிக்க ஆரம்பித்தது. ஒன்று முடிந்ததும் அடுத்தது. நிற்கவே இல்லை. பெட்ஃபோர்டில்தான் பின்னாளில், 2001-ல், அமெரிக்காவின் தேசிய டி-டே நினைவிடம் கட்டினார்கள்.

பிறகு எப்படித்தான் ஜெயித்தார்கள்?

திட்டத்தால் அல்ல. திட்டம் எட்டு மணிக்கெல்லாம் செத்துவிட்டது. சில போர்க்கப்பல்கள் தரைதட்டினாலும் தட்டட்டும் என்று கரைக்கு மிக நெருக்கமாக வந்து அரண்களைச் சுட்டன. கரையில் கிடந்தவர்களில் சிலர், இங்கேயே கிடந்தால் சாவு நிச்சயம், மேலே ஏறினால் ஒருவேளை பிழைக்கலாம் என்று கிளம்பினார்கள். நாலைந்து பேராக, பத்துப் பேராக. முள்கம்பியை வெட்டி, கண்ணிவெடி வயலைத் தாண்டி மேட்டின் மீது ஏறினார்கள். மாலைக்குள் ஒமாஹா ஓரளவு கைவசம். அந்த ஒரு கரையில் மட்டும் இறந்தும் காயப்பட்டும் காணாமலும் போனவர்கள் 2,000-க்கு மேல். ஐந்து கரைகளிலும் வானிலிருந்து இறங்கியவர்களிலுமாக, அன்று இறந்த நேச நாட்டு வீரர்கள் பெயர் வாரியாகச் சரிபார்த்து எண்ணப்பட்டிருக்கிறார்கள். 4,414 பேர்.

சினிமா இங்கே முடியும். கணக்கு முடியவில்லை.

இப்போது ஜூன் 6-க்குச் சில வாரங்கள் முன்னால் போகவேண்டும். ஜெர்மானியர்கள் துணைப் படைகளை ரயிலில் கொண்டுவந்து குவித்துவிடக் கூடாது. எனவே பிரான்ஸ் முழுக்க ரயில் நிலையங்களையும் பாலங்களையும் தகர்க்கத் திட்டமிட்டார்கள். ரயில் நிலையம் எங்கே இருக்கும்? ஊர் நடுவில். யார் சாவார்கள்? ஊர்க்காரர்கள். யாரை மீட்கப் போகிறோமோ அவர்களே.

சர்ச்சிலுக்கு இது உறுத்தியது. பிரெஞ்சு மக்கள் நம்மை வெறுத்துவிடுவார்களே என்கிற அரசியல் கவலையும் கலந்த உறுத்தல். விவாதத்தில் ஓர் எண் வந்தது. பொதுமக்கள் சாவு 10,000-ஐத் தாண்டக்கூடாது. யோசித்துப் பாருங்கள். ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இத்தனை அப்பாவிகள் வரை பரவாயில்லை என்று பட்ஜெட் போடுகிறார்கள். போட்டவர்கள் ராட்சசர்கள் அல்ல. மற்றவர்களைவிடக் கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள்தான் அந்த எண்ணையாவது கேட்டார்கள். மே மாதம் சர்ச்சில் இதை ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். உயிர்ச்சேதம் வருத்தத்துக்குரியதுதான், ஆனால் தளபதிகளின் கையை இவ்வளவு தூரத்திலிருந்து நான் கட்டமாட்டேன் என்கிற பொருளில் பதில் வந்தது. குண்டுவீச்சு தொடர்ந்தது.

டி-டே தொடங்கிய பிறகு, கான் நகரம். தரையிறங்கிய முதல் நாளே பிடிக்கவேண்டும் என்று திட்டம். சாலைகள் கூடுமிடம். ஜெர்மன் டாங்குகள் அதன் வழியே வரக்கூடாது என்று ஜூன் 6 மதியமே ஊர்மேல் குண்டு விழுந்தது. அன்றிரவும் விழுந்தது. எச்சரிக்கைத் துண்டுப் பிரசுரம் போட்டார்கள். ஆனால் எங்கே ஓடுவது? பல்லாயிரம் பேர் பழைய மடாலயத்திலும் அதையொட்டிய கட்டடங்களிலும் ஊருக்கு வெளியே கல் குவாரிச் சுரங்கங்களிலும் போய் ஒண்டிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக் கூரையில், விமானிகள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று சிவப்புச் சிலுவை அடையாளம் விரித்துவைத்தார்கள். ஒரு நாளில் பிடிக்கவேண்டிய ஊரின் வடபாதியைப் பிடிக்கவே ஜூலை 9 ஆனது. கான் நகரில் மட்டும் சுமார் 2,000 பொதுமக்கள் இறந்தார்கள். சான் லோ என்கிற ஊர் கிட்டத்தட்ட முழுக்கத் தரைமட்டம். இடிபாடுகளின் தலைநகரம் என்றே அதற்குப் பெயர் வந்தது.

நார்மண்டிப் போரில் இறந்த பிரெஞ்சுப் பொதுமக்கள் ஏறத்தாழ 20,000. முதல் இரண்டு நாட்களில் மட்டும் சுமார் 3,000. பெரும்பாலும் நேச நாடுகளின் குண்டுகளால். அந்த முதல் நாளில் கரையில் விழுந்த வீரர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். 

வீரர்களுக்குக் கடலைப் பார்த்த புல்வெளியில் வெள்ளைச் சிலுவைகள் வரிசையாக நட்டார்கள். வருடாவருடம் தலைவர்கள் வந்து மாலை வைத்தார்கள். இவர்களுக்கு? நார்மண்டிக்காரர்கள் இதைப்பற்றி வெளியே பேசவே கூச்சப்பட்டார்கள். விடுதலை செய்ய வந்தவன் குண்டில் என் அம்மா செத்தாள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள். ஜெர்மனிக்குப் பரிந்து பேசுகிறான் என்பார்கள். குண்டு வீச்சை நாஜிகளும் அவர்களோடு ஒட்டியிருந்த விஷி அரசும் பிரசாரத்துக்கு வேறு பயன்படுத்தியிருந்தார்கள். ஆகவே மௌனம். பிரெஞ்சு ஜனாதிபதி பிரான்ஸ்வா ஒல்லாந்த் கான் நகருக்கு வந்து, இறந்துபோன பொதுமக்களுக்காக மட்டும் அஞ்சலி செலுத்தியது 2014-ல். எழுபது வருடம் கழித்து! எண்பதாவது ஆண்டில், 2024-ல், மக்ரோன் சான் லோவுக்குப் போனார்.

அப்படியென்றால் இறங்கியிருக்கவே கூடாதா?

இந்தக் கேள்விக்கு நார்மண்டிக்காரர்களே பதில் வைத்திருக்கிறார்கள். வீட்டை இழந்த அதே மக்கள்தான் வந்தவர்களுக்குப் பூவும் ஆப்பிள் மதுவும் கொடுத்தார்கள். அந்த வீரர்களின் கல்லறைகளை இன்றைக்கும் பராமரிப்பதில் உள்ளூர்க் குடும்பங்களுக்குப் பங்குண்டு. ஆகஸ்ட் 25-ல் பாரிஸ் விடுதலையானது. அடுத்த மே மாதம் ஹிட்லரின் ஆட்சியே இல்லை. இறங்காமல் விட்டிருந்தால் அந்த ரயில்கள் இன்னும் எத்தனை யூதர்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே போயிருக்கும்? வரவு பெரிது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் வரவு பெரிது என்பதற்காகப் பற்றை எழுதாமல் விட்டால் அது கணக்கில்லை. கணக்கு எழுதத் தெரியாதவன்கூட அப்படிச் செய்யமாட்டான், தெரிந்தவன்தான் செய்வான். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? அடுத்த போருக்குக் கிளம்புகிறவன், விடுதலை என்பது மலிவான சரக்கு என்று நினைத்துக்கொள்வான். 1944-க்குப் பிறகு, 'உங்களை மீட்க வருகிறோம்' என்று அறிவித்துவிட்டு வீசப்பட்ட குண்டுகளை எண்ணிப் பாருங்கள். வியட்நாம், இராக் என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு முறையும் யாரோ நார்மண்டியைத்தான் உதாரணம் காட்டினார்கள். கான் நகரை யாரும் காட்டவில்லை.

இன்னும் இரண்டு சின்னக் குறிப்புகள் பாக்கி.

ஒன்று, ஐசன்ஹோவர் 6-ம் தேதியைத் தவறவிட்டு, அலை தோதாக வரும் 19-ம் தேதிக்குத் தள்ளியிருந்தால்? ஜூன் 19 அன்று கால்வாயில் அடித்த புயல், பல பத்தாண்டுகளில் காணாத கோடைப் புயல். மூன்று நாளைக்கு மேல் ஓயவில்லை. இழுத்துப்போய் நிறுத்திய இரண்டு மல்பெரி துறைமுகங்களில் ஒமாஹாவில் இருந்தது உடைந்தே போனது. அரோமாஞ்சில் இருந்த இன்னொன்று தப்பித்து மாதக்கணக்கில் உழைத்தது. அதன் கான்கிரீட் பெட்டிகள் சில இன்னமும் அங்கே கடலுக்குள் நின்றுகொண்டிருக்கின்றன.

இரண்டு, மவ்ரீன். கலங்கரை விளக்கக் காவலரான டெட் ஸ்வீனியைக் கல்யாணம் செய்துகொண்டு அதே பகுதியில் வாழ்ந்தார். 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் சிறப்புக் கௌரவம் அவரைத் தேடிவந்தது. 2023 டிசம்பரில், நூறு வயதில் காலமானார்.

அவர் செய்தது ஒன்றே ஒன்று. கருவி காட்டியதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதினார். சரிதானா என்று கேட்டபோது இன்னொரு முறை போய்ப் பார்த்து, அதையே சொன்னார். ஒமாஹாவில் விழுந்த எண்ணிக்கை, கான் நகரில் விழுந்த எண்ணிக்கை, ஹேவ்லாக் கடலில் தள்ளப்பட்டவர்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அதேபோல எழுதிவைக்க நமக்குத்தான் எண்பது வருடம் போதவில்லை. ஹேவ்லாக்கில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை கணக்கு ஒத்துப்போகவில்லை.